திருப்பாமல் விட்ட கழுத்து

போன மாதம் எனக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஊரார் கழுத்தையெல்லாம் பிடித்துவிட்டே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, ஒரு காலையில் எழுந்து பால்காரரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. உடம்போடு சேர்ந்து திரும்பினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டில் என் தங்கை மகள் ஒரு வார்த்தை கேட்காமல் என் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடி வெயிலில் போட்டாள். தலையணை காய்ந்தால் கழுத்துப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எழுதாத சட்டம். நானும் போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலையணை காய்ந்தது, கழுத்து விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோதெரபி படித்த ஒரு பெண், நல்ல பிள்ளை, ஒரு விளக்கைக் காட்டிச் சூடு கொடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தது. நானும் ஒரு காலத்தில் இதே வேலைதான் பார்த்தேன் என்றதும் அதற்கு வியப்புத் தாங்கவில்லை. "ஒங்க காலத்துல கழுத்து வலிக்கு ஆராய்ச்சியெல்லாம் உண்டாம்மா? இல்ல, சும்மா எண்ணெயப் போட்டுத் தேய்க்கிறதுதானா?" என்று கேட்டது. 'சும்மா'வாமே! அந்த ஒரு சொல்தான் என்னை வீட்டுக்கு வந்து பேனாவை எடுக்க வைத்தது.

படிப்பைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. சொந்த ஊர் உத்தமபாளையம். மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றேன். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். முதல் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குக் கைகால் பிடித்துவிட்டுப் பழகியவர். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லி, பிசைந்த மாவின் மேல் கையை ஓட்டச் சொல்லி, கட்டைவிரல் பதிந்த தடம் தெரிந்தால் திரும்பவும் செய்யச் சொல்லுவார். எனக்குக் கை நன்றாக வந்தது. தற்பெருமைதான், ஆனால் உண்மை. பிறகு போடிக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களில், சின்னமனூர்ப் பக்கம் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே பெரிய டாக்டர் நம்பியார். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, வெயில் இல்லாதபோதும் கக்கத்தில் குடை. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். ஜனங்களுக்கு அது ஒரு தொல்லையாக இருந்ததில்லை, இங்கே பலருக்கும் ஏலத்தோட்டப் பழக்கத்தில் மலையாளம் காதில் விழுந்த பாஷைதான். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. நாம் ஒன்று சொன்னால் "ஏன்?" என்பார். அதற்கு ஒரு பதில் சொன்னால் அதற்கும் "ஏன்?" என்பார். மூன்றாவது 'ஏன்' வரும்போது நமக்கு வியர்த்துவிடும். அதட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க மாட்டார். "எந்து செய்ய முடியல்லா?" என்று கேட்பார். ஒருத்தி குடம் தூக்க முடியவில்லை என்பாள், இன்னொருத்தி நாற்று நடும்போது நிமிர முடியவில்லை என்பாள். அதைத் திரும்பச் செய்ய முடிகிறவரை அவர் வாயிலிருந்து குணமாயிற்று என்ற சொல் வராது.

எங்களிடம் வந்ததில் பாதி கழுத்து வலிக்காரர்கள் என்றால் நம்புங்கள். பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து இருபோகம் விளைகிற பூமி. எருக்கூடை, நெற்கட்டு, தண்ணீர்க்குடம், விறகு எல்லாம் தலையில்தான் போகும். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிற அரிசி மூட்டையும் தலையில்தான். சும்மாடு வைத்திருந்தாலும் கழுத்து கழுத்துதானே. ஆண்களை டாக்டரே பார்த்துக்கொள்வார். பெண்கள் எல்லாம் என் பங்கு.

என் வேலை முறை இது. ஸ்டூலில் உட்காரவைத்து, மேசை மேல் மடித்த கைகளில் நெற்றியைச் சாய்க்கச் சொல்வேன். என் கையை வெந்நீரில் காட்டித் துடைத்துவிட்டு, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் ஒரு சொட்டுத்தான். மண்டைக்குக் கீழிருந்து தோள்முனை வரை மேலிருந்து கீழாக மட்டும் உள்ளங்கையை ஓட்ட வேண்டும். அவர்கள் மூச்சு ஆறியதும் கட்டைவிரலால் அந்தக் கயிறு போன்ற தசையை மெல்ல உருட்ட வேண்டும். கடைசியில் என் உள்ளங்கையை அவர்கள் காதுக்கு மேல் வைத்து, "தள்ளு தாயி, தலை நகராமத் தள்ளு" என்பேன். தசைக்கு அதுதான் பயிற்சி. முடித்ததும் அநேகம் பேர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும்.

டாக்டருக்கு மட்டும் குளிரவில்லை. ஒரு நாள் என்னை அழைத்தார். "ரத்தினம், நம்ம கை வேலை செய்யுதா, இல்லெங்கில் நாள் போகப் போக அதாவே போகுதா? எனிக்கு அறியணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ணால பாக்குறீகளே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்றேன்.

"ஏன்?" என்றார். அவ்வளவுதான், நான் தொலைந்தேன்.

அப்படித்தான் கயிற்று ஆராய்ச்சி தொடங்கியது. ஒரு துணிப்பையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்று நிறத்தில் நூல் கயிறுகளைப் போட்டு வைத்தார். கழுத்து வலி என்று வருகிறவர்களுக்குப் பையில் பார்க்காமல் கையை விட்டு எது வருகிறதோ அதை மணிக்கட்டில் கட்ட வேண்டும். சிவப்பு என்றால் என் கை வைத்தியமும் பயிற்சியும். கறுப்பு என்றால் சுடுமணல் ஒத்தடம் மட்டும். வெள்ளை என்றால் ஒன்றுமே கிடையாது, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்புவது. யாருக்கு என்ன தருவது என்று நம் மனசு பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காக அந்தப் பை. பின்னால் யார் எந்தக் கூட்டம் என்று மறக்காமலிருக்கக் கயிறு. நல்ல யோசனைதான். எங்கள் ஜனங்களுக்கு மணிக்கட்டில் கயிறு என்றால் என்ன அர்த்தம் என்பதை மலைக்கு அந்தப் பக்கத்து மனுஷர் மறந்துவிட்டார். இந்தப் பக்கத்து நானும் மறந்துவிட்டேன்.

ஓடைப்பட்டியிலிருந்து சின்னத்தாய் என்று ஒரு சம்சாரி வீட்டம்மாள், நிலபுலம் உள்ளவர், வந்திருந்தார். அவருக்கு வெள்ளை விழுந்தது. அடுத்த வாரம் கழுத்தைச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"ராசியான கயிறு தாயி! கட்டுன மறுநாளே லேசாயிருச்சு. தலையாணியவும் வெயில்ல போட்டேன், அதுவும் கேட்டிருக்கும். எங்க மருமகளுக்கு ஒண்ணு குடுங்க. அவளுக்கும் கழுத்துத் திரும்ப மாட்டேங்குது, நான் கூப்புடுறப்ப மட்டும்."

அதோடு போயிற்றா? சந்தையில் பேச்சுப் பரவி, வருகிறவர்கள் எல்லாம் வெள்ளைக் கயிறுதான் வேண்டும் என்று கையை நீட்டத் தொடங்கினார்கள். "செவப்பு வேணாந்தாயி, அதுக்கு மணிக்கணக்கா ஒக்காந்திருக்கணும். வெள்ளைன்னா கட்டுனமா போனமான்னு இருக்கும்" என்றாள் ஒருத்தி, என் முகத்துக்கு நேரே. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. டாக்டர் குடையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகு யார் எந்தக் கயிறோடு எப்படித் திரும்பி வந்தார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். நேற்றுப் படுத்து இன்று பிடித்துக்கொண்ட கழுத்து, கயிறு கட்டினாலும் கட்டாவிட்டாலும் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. தலையணைக்குக் கிடைத்த பேரும் அப்படிக் கிடைத்ததுதான், என் கைக்குக் கிடைத்த பேரிலும் ஒரு பங்கு அப்படி. ஆனால் வருஷக்கணக்காகச் சுமை தூக்கி வலி ஊறிப்போனவர்கள் வெள்ளையோடு போனால் வலியோடுதான் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு ஒத்தடம் மட்டும் போதவில்லை. கையும் பயிற்சியும் சேர்ந்தபோது அநேகம் பேர் மறுபடி குடம் தூக்கினார்கள். எனக்குப் போன உயிர் வந்தது.

"இனியும் ஒரு கூட்டம் உண்டு, ரத்தினம்" என்றார். "வலிக்கிற கழுத்துக்கு உள்ளே வேற ஏதோ இருக்கும். அவங்களுக்குக் கயிறும் வேண்டா, கையும் வேண்டா. அவங்களை நம்ம முதல்ல கண்டுபிடிக்கணும்."

அதனால் பையை எடுக்கும் முன் ஒரு பரிசோதனை என்று ஏற்பாடு செய்தார். ஆள் உள்ளே நடந்து வருவதைப் பார்க்க வேண்டும், அதுதான் முதல். பிறகு உத்தரத்துப் பல்லியைப் பார்க்கச் சொல்வது, மோவாயை நெஞ்சில் வைக்கச் சொல்வது, இரண்டு தோளையும் பார்க்கச் சொல்வது. எல்லாம் அவர்களாகச் செய்ய வேண்டும், நாம் தொடக் கூடாது. பிறகு தன் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடி" என்பார். சாவியின் முனையால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்துக் கட்டைவிரல் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்ப்பார்; கழுத்துக்குள் நரம்பு நசுங்கியிருந்தால் அது காலில் தெரியுமாம். சாயங்காலக் காய்ச்சல் உண்டா, ரவிக்கை தொளதொளத்துப் போயிருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும். கரண்டிக்காம்பால் நாக்கை அமுக்கித் தொண்டையின் பின்சுவரைப் பார்ப்பார். இத்தனைக்கும் பிறகுதான் பின்கழுத்து எலும்பை ஒவ்வொன்றாக விரலால் தொடுவார், இறகு படுகிற மாதிரி. மெல்ல, மெல்ல என்பதை "பதுக்கெ, பதுக்கெ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

மாயக்காள் வந்தது இதற்கெல்லாம் பிறகு. கோம்பையில் ஊருக்கு ஒதுங்கின தெருவைச் சேர்ந்தவள். இருபது வயது இருந்தால் அதிகம். பண்ணை வேலைக்கு எருக்கூடை சுமக்கிறவள். புருஷன் வீரணன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். அவள் பின்னால் வந்தாள், ஒரு கையை மோவாய்க்குக் கீழும் ஒரு கையைப் பின்னந்தலையிலும் கொடுத்து, தன் தலையைத் தானே நிறைகுடம் போலத் தாங்கிக்கொண்டு. படி ஏறும்போதும் கையை எடுக்கவில்லை. குழந்தை அவளைப் பார்த்து எட்டி எட்டி அழுதது. அவளுக்கு வாங்கிக்கொள்ளக் கை இல்லை.

எனக்குப் பரிதாபம் பொங்கியது. "வா தாயி, இப்புடி ஒக்காரு" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் குறுக்கே கையை நீட்டினார். நோயாளிக்காக அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. "வேண்டா. கை வைக்க வேண்டா" என்றார்.

நின்றபடியே பார்த்தார். அவளாக மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்ததும் உள்ளங்காலில் சாவியை ஓட்டினார். தொண்டையைப் பார்த்தார். கழுத்தை விரல்நுனியால்கூடத் தொடவில்லை. முகம் இறுகிப் போய் மேசைக்குத் திரும்பி என்னவோ எழுத உட்கார்ந்தார். அவர் சுபாவம் அது, கவலை வந்தால் பேச்சு நின்றுவிடும்.

வீரணன் சுற்றும் முற்றும் பார்த்தான். வராந்தாவில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாகக் கயிறு கட்டிக்கொண்டு சம்சாரி வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் சாமி, அம்புட்டுப் பேருக்கும் கயிறு கட்டுறீக. இந்தத் தாயி கை வச்சுத் தேய்ச்சு விடுறாக. எம் பொண்டாட்டிக்கு ஒரு கயிறுகூடக் கிடையாதா?"

டாக்டர் நிமிராமல், "இவளுக்கு அது கூடாது" என்றார்.

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த எவளுக்கும் அது புரியும். கிணற்றில் கூடாது, கோயிலில் கூடாது, டீக்கடை பெஞ்சில் கூடாது என்று கேட்டே வளர்ந்தவன் காதில் இன்னொரு 'கூடாது'. வேறு என்ன நினைப்பான்?

"இங்கன எல்லாரையும் தொட்டுப் பாக்குறாகன்னு சொன்னாக. நம்பி வந்தேன்" என்றான். சத்தம் போடவில்லை, அதுதான் என்னை அறுத்தது. "வா புள்ள, போவோம். மயிலாடும்பாறையில ஒரு ஆளு இருக்காரு. தலையப் பிடிச்சு ஒரே சொடக்கு, நிமிந்துருமாம். அவரு நம்மளத் தொடுவாரு."

அந்தச் சொடக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் பார்த்த விதத்திலேயே புரிந்துவிட்டது, கழுத்தெலும்பில் க்ஷயம், இப்போது டி.பி. என்கிறார்களே, அது. உள்ளே எலும்பு அரித்துப் போய், தலை வெறும் தசையின் பலத்தில் நின்றுகொண்டிருக்கிறது. ஒரு வெடுக்கில் கைகால் விழுந்துவிடும், அல்லது மூச்சே நின்றுவிடும். அவ்வளவு தூரம் மாட்டு வண்டியில் போனால் சொடக்கு எடுக்கிறவர்வரைகூடப் போய்ச் சேர மாட்டாள்.

அவள் வாசற்படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். நான் ஓடினேன். டாக்டரிடம் கேட்கவில்லை, கேட்க நேரமில்லை. அவளுக்கு முன்னால் போய் நின்று, அவள் கைகளின் மேலேயே என் கைகளை வைத்தேன். என் கையில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு, அவள் முகமெல்லாம் கண்ணீர். மெல்ல என் விரல்களை அவள் விரல்களுக்கு அடியில் நுழைத்தேன்.

"கைய எடுத்துக்க தாயி. நான் பிடிச்சுக்கிறேன்."

"விட்டா விழுந்துரும்" என்றாள்.

"விழாது. நான் விடமாட்டேன்."

ஒரு விரல், பிறகு இன்னொரு விரல் என்று எடுத்தாள். தலையின் முழுப் பாரமும் என் உள்ளங்கையில் இறங்கியது. திருப்பவில்லை, அமுக்கவில்லை, தேய்க்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன். அவள் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கி வெடவெடவென்று நடுங்கின. பல வாரமாக அவை கீழே இறங்கியதில்லை. பிறகு ஒரு கை மெல்ல எழும்பி வீரணன் தோளில் கிடந்த குழந்தையின் பாதத்தைத் தேடிப் பிடித்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. வீரணன் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்தார், அவனுக்குக் கீழ்ப்படியில்.

"தப்பு என்னுது. சொல்லாமல் இருந்தேன். வண்டி அச்சு உள்ளே அரிச்சுப் போயிருந்தா எண்ணெய் போட்டுச் சக்கரத்தைச் சுத்துவியா?"

"சுத்துனா முறிஞ்சு போகும்ல."

"இது அதுதான். இவளைத் தொடக் கூடாதுன்னு இல்ல. இவள் கழுத்தை யாரும் திருப்பக் கூடாது. அவ்வளவே."

வீரணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பொழச்சுக்கிருவாளா?"

"அறியில்ல. அசையாமல் கிடந்தா வாய்ப்பு உண்டு. ரொம்ப மாசம் கிடக்கணும்."

இத்தனை நேரமும் என் கை அங்கேயேதான். பெஞ்சில் அவளைப் படுக்க வைத்து, மணல்மூட்டைகளைத் தலைக்கு இரு பக்கமும் அண்டக் கொடுத்த பிறகுதான் எடுத்தேன்.

மாவுக்கட்டுப் போட வேண்டும் என்றார் டாக்டர். இடுப்பிலிருந்து நெற்றிவரை ஒரே கட்டு. அதற்குத் தலைமுடியை மழிக்க வேண்டும். புருஷன் இருக்கிறவள் தலையை மழிப்பதா என்று நானே தயங்கினேன். வீரணன்தான் வழி சொன்னான். "வீரபாண்டி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்ட முடின்னு வச்சுக்கிருவோம் தாயி. சித்திரைத் திருவிழாவுல நானே கொண்டுபோயிக் குடுத்துருறேன்." மாயக்காள் கண்ணை மூடித் திறந்தாள். தலையசைக்க அவளால் முடியாதே. நாவிதர் கத்தி வைக்கும்போதும் தலை என் கையில்தான் இருந்தது.

துணிச்சுருளில் மாவுப்பொடியை நாங்களே தேய்த்துத் தயாராக வைத்திருப்போம். அதைத் தண்ணீரில் போட்டால் குமிழி வரும். குமிழி அடங்கியதும் எடுத்து, முறுக்காமல் இரண்டு முனையையும் உள்நோக்கி அமுக்கிப் பிழிய வேண்டும். பஞ்சு சுற்றிய உடம்பின் மேல் டாக்டர் சுற்றிக்கொண்டே வந்தார். நான் பின்னால் நின்று மோவாயையும் பின்னந்தலையையும் ஏந்தி ஒரு நூலளவு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். விரல்நுனி பதியக் கூடாது. பதிந்த பள்ளம் காய்ந்தால் உள்ளே புண்ணாகிவிடும். உள்ளங்கையால்தான் பிடிக்க வேண்டும். கட்டு இறுகும்போது சூடேறும். "சுடுது தாயி, சுடுது" என்று பயந்தாள். "இறுகுற சூடுதான், இப்ப ஆறிரும்" என்றேன். தோள்பட்டை எனக்கு மரத்துப் போனது. கடைசிச் சுற்றில் என் கைகளை உருவிக்கொண்டபோது தலை அப்படியே நின்றது. டாக்டர், "மதி" என்றார், போதும் என்று. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கிழக்கு வராந்தாவில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து அவளுக்குக் கட்டில் போட்டார் டாக்டர். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். "மரத்தடியிலும் இடம் உண்டு. வேண்டியவர் அங்கே போகலாம்" என்றார். யாரும் போகவில்லை. பின்னாளில் க்ஷயத்துக்கு ஊசி வந்தது, அப்போது அதெல்லாம் கிடையாது. வெயில், பால், முட்டை, கேப்பைக்கூழ், மீனெண்ணெய், அசையாத கட்டு, அவ்வளவுதான் மருந்து. மீனெண்ணெய் நாற்றத்துக்கு அவள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

வீரணன் வாரம் தவறாமல் கோம்பையிலிருந்து நடந்தே வருவான். தோளில் குழந்தை, பின்னால் அவன் வீட்டுச் செவலை நாய். குழந்தைக்குப் பேச்சி என்று பேர். வெள்ளைக்கட்டுக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்து முதலில் வீரிட்டு அழும். மாயக்காளுக்கோ கூரையைத் தவிர எதுவும் தெரியாது. டாக்டர் தன் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு மேலே சாய்த்துக் கட்டினார். கீழே பிள்ளை தவழ்வது அதில் தெரியும். பேச்சி தவழ்ந்ததையும் சுவரைப் பிடித்து நின்றதையும் முதல் அடி வைத்ததையும் அவள் கண்ணாடியில்தான் பார்த்தாள்.

நடுவில் ஒரு கெட்ட காலம் வந்தது. கால் இரண்டும் விறைத்து, டாக்டரின் விரலை அவளால் பிடிக்க முடியாமல் போயிற்று. டாக்டர் சாப்பிடாமல் உலாவுவார். நான் பக்கத்தில் போனால், "ஏன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்றால் ரயில் குலுக்கலுக்குப் பயம். கட்டைப் பிரித்து இன்னும் சற்றே நிமிர்த்தி மறுபடி போட்டோம். அன்றும் தலை என் கையில்தான் இருந்தது, மனசில் வேண்டாத தெய்வமில்லை. பிறகு ஒரு காலையில் அவர் விரலை நீட்டியபோது அவள் லேசாக அமுக்கினாள். அடுத்த வாரம் அவர் "ஆ" என்று கையை உதறினார். அது நடிப்பு, அவ்வளவு பலமெல்லாம் அவளுக்கு வரவில்லை. ஆனால் அன்று நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அந்த வருஷம் டாக்டர் மதுரையில் வைத்தியர்கள் கூட்டமொன்றில் கயிற்று ஆராய்ச்சியை வாசித்தார். கயிறு, தலையணை என்றதும் சிரித்தார்களாம். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, கைவைத்தியம் யாருக்கு உதவியது, யாருக்குச் சும்மா இருந்தாலே போதும் என்றெல்லாம் சொல்லி, கடைசியில் மாயக்காளைப் பற்றிச் சொன்னாராம். அப்போது யாரும் சிரிக்கவில்லை என்றார். கைவைத்தியத்தில் கையை எடுத்துவிட்டு நிற்க வேண்டிய இடம் எது என்பதுதான் அவர் கண்டுபிடித்ததில் பெரிது என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே கழுத்து வாழைத்தண்டு போல மெலிந்திருந்தது. சேணம் தைக்கிறவரிடம் சொல்லித் தோலில் ஒரு பட்டை செய்து போட்டோம். உட்கார, நிற்க, நடக்க ஒவ்வொன்றாகப் பழக்கினேன். கழுத்தெலும்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி ஓரளவுக்குத்தான் திரும்பும். ஆனால் வலி இல்லை, விழாது. "ஆயுசுக்கும் தலையில் சுமை கூடாது" என்றார் டாக்டர். இந்தமுறை 'கூடாது' என்றதும் வீரணன் சிரித்தான். "சொமைய நான் பாத்துக்கிறேன் சாமி" என்றான். சொன்னபடி தண்ணீர்க்குடத்தைக்கூட அவனே தூக்கினான். பொம்பளை வேலை பார்க்கிறான் என்று தெருவே கேலி பேசியதாம். அவன் சட்டை செய்யவில்லை.

தோல்பட்டையையும் கழற்றி அவளை வீட்டுக்கு அனுப்பிய நாள். டாக்டர் வழக்கம்போல், "எந்து செய்ய முடியல்லா?" என்று கேட்டார். அவள், நான் பழக்கியபடி முதுகு வளையாமல் முழங்காலை மடக்கித் தரையில் குந்தினாள். இரண்டு கையையும் விரித்தாள். பேச்சி அப்பன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது. கண்ணாடி வழியே தெரிந்த முகம் இவ்வளவு கிட்டத்தில் வந்தால் அதற்குத் தெரியுமா?

"ஏத்தா பேச்சி, போ. ஒங்காத்தாதான்" என்றான் வீரணன்.

குழந்தை தயங்கித் தயங்கி வந்தது. ஓர் அடி தூரத்தில் நின்றது. அவள் அசையவே இல்லை, காத்திருந்தாள். கடைசியில் அதுவே வந்து விழுந்தது. இரண்டு கையாலும் வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

நான் ஓரடி முன்னால் பாய்ந்தேன். "ஏ மாயக்கா, சொமை தூக்கக் கூடாதுன்னு சொன்னாகல்ல!"

"இது சொமையா தாயி?" என்றாள். "இதத் தூக்கத்தானே இம்புட்டு நாளு கல்லு மாதிரிக் கெடந்தேன்."

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஞான் ஒன்னும் கண்டில்லா" என்றார்.

பேச்சி இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. யாரையும் தொட விடாமல் நாங்கள் காத்த கழுத்தை அந்தப் பிள்ளை இழுத்து இறுக்கிக்கொண்டு முகத்தைப் புதைத்தது. நான் தடுக்கவில்லை.